தெசாங்கா கழுவிய ஜாடி

எங்கள் ரூதாரித் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து “உன் வீட்டில் தூசி இருக்கிறது” என்று சொல்லிவிட்டால், அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அங்கே தபால் பை தூக்குகிறேன். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எதற்காகப் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

தெரு முடிகிற இடத்தில் இரும்பு ஆலை தொடங்குகிறது. தாதுக்கல்லைப் பொடித்து வறுக்கிற பிரிவு எங்கள் பக்கம்தான். காற்று திரும்பினால் அங்கிருந்து சிவப்புத் தூள் வரும். வெள்ளைப் பூனை வளர்த்தவர்கள் எல்லாம் நாளடைவில் செம்பட்டைப் பூனை வளர்ப்பவர்கள் ஆனார்கள். ஆனால் எந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியிலும் நீங்கள் விரலால் ஒரு கோடு போட முடியாது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, காற்றடித்தால் மூன்றாவது தடவை என்று பெண்கள் துடைத்து வைத்திருப்பார்கள்.

இந்தத் துடைப்பால்தான் வினையே வந்தது. தெருக்காரர்கள் ஆலைக்கு எதிராகப் பதினொரு மனு போட்டார்கள். பதினொன்றுக்கும் ஒரே பதில். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். “எங்கள் குழு நேரில் வந்து பார்த்தது. வீடுகள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. நீங்கள் குறிப்பிடும் தூசிக்கு ஆதாரம் ஏதும் காணப்படவில்லை.” குழு வருகிறது என்று தெரிந்ததுமே தெரு முழுக்க வாளியும் துடைப்பமுமாக இறங்கியிருந்தால் வேறென்ன எழுதுவான்?

அந்தத் தெருவிலேயே பெரிய சுத்தக்காரி தெசாங்கா. இலை உதிர்ந்து முற்றம் குப்பையாகிறது என்று நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பிளம் மரத்தை வெட்டச் சொன்னவள். கணவன் ராதிசாவ் அதே வறுவல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காது போய்விட்டது, ஆனால் ஆலைச் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்கும். ஒரே மகள் பிசேர்கா. அவளுக்கு நெஞ்சில் இழுப்பு. நகரத்துக்குப் போய் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இழுப்பு நின்றது. வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி படுத்தால் விடிவதற்குள் ஆஸ்பத்திரி. அதனால் நாலு வருஷமாக அவள் இந்த வீட்டில் தூங்கியதில்லை. ஆனாலும் தெசாங்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளின் கட்டில் விரிப்பை மாற்றுவாள். யாரும் படுக்காத விரிப்பு, ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பாகிவிடும். அதைத் துவைத்துப் போட்டு வேறு விரிப்பாள். ஒருநாள் நான் வாய் தவறி, “யாரும் படுக்கலையே அக்கா, எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

பன்னிரண்டாவது மனு ஆலைக்குப் போகாமல் சுகாதார நிலையத்துக்குப் போனது. அங்கிருந்துதான் ஆகஸ்ட் மாதம் நெவெனா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், எப்போதும் அவசரம். ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் வளையம், வளையத்துக்குள் வாய் அகன்ற ஒரு கண்ணாடி ஜாடி. அவ்வளவுதான் கருவி. மேலே மரம் மட்டை இல்லாத இடம் வேண்டும் என்றாள். தெருவில் மரமில்லாத முற்றம் தெசாங்காவுடையதுதான்.

“மூணு மாசம், மூணு ஜாடி,” என்றாள் நெவெனா. “மாசக் கடைசியில நான் வந்து நெறஞ்சத எடுத்துட்டு வேற வைப்பேன். உள்ள விழுந்த தூசியக் காய வச்சு எடை போடுவோம். மூணோட சராசரி வரம்பத் தாண்டிச்சுன்னா, ஆலைக்காரன் தாதுக்கல் ஓடற பெல்ட்டுக்கு மூடி போட்டு வடிகட்டி வச்சே ஆகணும். சட்டம்.”

“வச்சா எம் பொண்ணு வந்து படுக்கலாமா?” என்று கேட்டாள் தெசாங்கா.

“அது டாக்டர் சொல்லணும். ஆனா எனக்கு இழுப்பு இருந்தா நான் வந்து படுப்பேன்.”

“அப்ப சரி. நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. தொடாதீங்க, தொடைக்காதீங்க, நகத்தாதீங்க. பக்கத்துல அடுப்பு மூட்டாதீங்க.”

ஒன்றும் செய்யாமல் இருப்பது தெசாங்காவுக்கு எத்தனை கஷ்டம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் மிளகாய் சுடுகிற நேரம் வந்தது. ஊரெல்லாம் முற்றத்தில் தகர அடுப்பு வைத்து, சிவப்புக் குடமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, மணிக்கணக்கில் கிளறி ஜாடி ஜாடியாக அடைப்பார்கள். தெசாங்கா நாற்பது கிலோ மிளகாயையும் அடுப்பையும் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி என் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். எனக்கு ஆறு ஜாடி கிடைத்தது. மனைவி போன பிறகு என் வீட்டுத் தரை கழுவப்பட்டதும் அன்றைக்குத்தான்.

கம்பத்து ஜாடிதான் அவளை வாட்டி எடுத்தது. “முத்தத்துக்கு நடுவுல, போறவன் வர்றவன் எல்லாம் பாக்கற எடத்துல, ஒரு அழுக்குப் பாத்திரம். நான் கழுவாம வச்சிருக்கேன்,” என்று என்னிடம் புலம்புவாள். “எதுத்த வீட்டு வுகோசவா நாளைக்கு அஞ்சு தடவ ஜன்னல் தெரையத் தூக்கிப் பாக்குறா. அவ மனசு குளுந்து போய்க் கெடக்கு.”

“தெரை தொவைக்கறதுக்காகத் தூக்கியிருப்பா.”

“அவளா? மாசம் ஒரு தடவ தொவைக்கறவ.”

ஆகஸ்ட் ஜாடியை நெவெனா திடீரென்று வந்து எடுத்துப் போனாள், வரம்பைப் போல இரண்டு மடங்கு. செப்டம்பர் ஜாடிக்கும் அப்படித்தான் சொல்லாமல் வந்தாள், ஆனால் அது வரம்பில் பாதிகூட இல்லை. தெரு கொஞ்சம் கலங்கியது. எல்லாம் அக்டோபர் ஜாடியில் இருக்கிறது என்று ஆகிவிட்டது. தெசாங்கா அதைத் தொடவில்லை. முப்பது நாளும் ஒரு விரல்கூடப் படவில்லை, நானே சாட்சி. காக்கை உட்கார வந்தால் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவாள்.

முப்பத்தோராம் நாள்தான் அது நடந்தது. அந்த நெவெனா மரியாதை தெரிந்த பெண்ணாக இல்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது. முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, “நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வர்றோம்மா. எங்க மேலதிகாரி ஒப்ராத்தும் வர்றாரு. இதோட முடிஞ்சுது, ஜாடிய வாங்கிக்கறோம்,” என்று சொல்லித் தொலைத்தாள்.

நான் காலை ஒன்பது மணிக்குத் தபாலோடு போனேன். முற்றம் கழுவி ஈரமாக இருந்தது. உள்ளே வால்நட் பிஸ்கட் வாசனை. தெசாங்கா தலையில் புதுத் துண்டு கட்டியிருந்தாள். கம்பத்தைப் பார்த்தேன். வளையம் மட்டும் இருந்தது.

“அக்கா, கம்பத்துல ஜாடியக் காணோமே.”

“உள்ள மேசை மேல இருக்கு.”

போய்ப் பார்த்தேன். ஜாடி பளபளவென்று இருந்தது. உள்ளே சர்க்கரைத் தூள் தூவிய பிஸ்கட்டை அடுக்கி, வாயைப் பின்னல் துணியால் மூடி, நாடா கட்டியிருந்தாள்.

“கழுவிட்டீங்களா?”

“பின்ன? இரவல் பாத்திரம் திரும்பிப் போகுது. அழுக்கோடயா குடுப்பாங்க? வெறுசாவா குடுப்பாங்க? வினிகர் போட்டு ரெண்டு தண்ணியில கழுவி…”

அங்கேயே நிறுத்திவிட்டாள். அவளுடைய கை செய்த காரியத்துக்குத் தலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முகம் மாவைப் போல வெளுத்துவிட்டது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, விருந்தாளி வருகிறார்கள் என்று தரை துடைத்து, மாவு பிசைந்து, அதே வேகத்தில் அதையும் கழுவியிருக்கிறாள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்த பெண் என்று ஒருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

“பிசேர்காவோட தூசியக் கழுவிட்டேனே,” என்றாள்.

ராதிசாவ் தோட்டத்திலிருந்து வந்தான். விஷயத்தை நான் அவன் நல்ல காதில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவன் பிஸ்கட் ஜாடியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“கழுவின தண்ணி?”

“சாக்கடையில.”

“சாக்கடையக் கழுவினியா?”

“கழுவினேன்.”

“அதானே பாத்தேன்.”

கால் மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, நான் மிலுங்காவிடம் மட்டும்தான் சொன்னேன். எதிர்வீட்டு வுகோசவாவும் மூலை வீட்டு மிலுங்காவும் வந்து சமையலறையில் நின்றுகொண்டார்கள்.

“பன்னெண்டு மனு,” என்றாள் வுகோசவா. “பன்னெண்டுலயும் எங்கையெழுத்து. இவ ஒரு வினிகர் பாட்டில எடுத்து எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டா.”

“ஆனது ஆயிப்போச்சு,” என்றான் ராதிசாவ். “இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. ஜாடியில என்ன இருந்துது? நம்ம தெருத் தூசி. தெருத் தூசிக்கா பஞ்சம்? ரெண்டு ஸ்பூன் போட்டு, மழைத்தண்ணி கொஞ்சம் ஊத்திக் கம்பத்துல வச்சுருவோம். வுகோசவா, உங்க வீட்லேருந்து ஒரு ஸ்பூன் கொண்டு வா.”

வுகோசவா நிமிர்ந்தாள். “எங்க வீட்லயா? எங்க வீட்ல தூசி ஏது?”

“ஜன்னல் கட்டையில…”

“காலையில தொடச்சாச்சு.”

“அலமாரி மேல?”

“அலமாரி மேல தூசி சேர விடறவளா நான்? யாரு சொன்னா? இவ சொன்னாளா?”

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள் தெசாங்கா.

“மிலுங்கா, நீ?” என்றான் ராதிசாவ்.

“நான் நேத்துதான் பரண் சாமானக்கூட எறக்கித் தொடச்சேன்,” என்றாள் மிலுங்கா. “வேணும்னா வந்து பாருங்க. வுகோசவா வீட்டுக் கட்டிலுக்கு அடியில பாத்தா கெடைக்கலாம்.”

“என் கட்டிலுக்கு அடியிலயா? உன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு நான் சொல்லட்டுமா?”

ராதிசாவ் இரண்டு கையையும் தூக்கினான். “கடவுளே. முப்பது வருஷமா தூசி தூசின்னு கத்துனோம். இப்ப ரெண்டு ஸ்பூன் வேணும்னா தெரு முழுக்க ஒருத்தி வீட்லயும் இல்ல.”

அப்போது மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“தபால்காரர் வீட்ல கெடைக்கும்,” என்றாள் வுகோசவா.

எனக்குச் சுருக்கென்றது. “என் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். எங்க தூசி சாம்பல் நிறம்,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதை அந்தப் பெண்களுக்கு முன்னால் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று இன்றுவரை எனக்கு வருத்தம்.

தெசாங்கா எழுந்தாள். “போதும். யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம். பொய்யா ஒரு ஜாடிய நெரப்பி, அந்தப் பொண்ணு முகத்தப் பாத்துக் காபி குடுக்க எனக்கு வராது. நான்தான் கழுவினேன், நானே சொல்றேன்.” பிறகு மெதுவாக, “பிசேர்காகிட்டயும் நானே சொல்றேன்,” என்றாள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஒப்ராத் பெருத்த, அமைதியான மனிதர். எங்கள் வழக்கப்படி முதலில் ஒரு ஸ்பூன் பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும், பிறகு காபி. தெசாங்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, வினிகர் வரைக்கும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒப்ராத் நாடாவை அவிழ்த்து மூன்றாவது பிஸ்கட்டுக்குப் போயிருந்தார்.

“சார்,” என்றாள் நெவெனா, “அதுதான் நம்ம அக்டோபர் ஜாடி.”

ஒப்ராத்தின் கை வாய்க்கும் ஜாடிக்கும் நடுவில் நின்றது. பிறகு, “நல்லாருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

நெவெனா ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “எங்க ஆய்வுக்கூடத்துலகூட இப்படிக் கழுவறதில்லம்மா,” என்றாள். அவள் திட்டியிருந்தால் தெசாங்கா தாங்கியிருப்பாள். இதைக் கேட்டதும் சமையலுக்கு இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

அப்போதுதான் ராதிசாவ் வாயைத் திறந்தான். “ஒண்ணு கேக்கணும். செப்டம்பர் ஜாடி ஏன் அவ்வளவு கொறஞ்சுது?”

“தெரியல. காத்து மாறியிருக்கலாம்.”

“காத்து இல்லம்மா. அங்க மூணு பெல்ட்டு. மூணும் ஓடுனா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும். செப்டம்பர் மொதத் தேதியிலேருந்து ஒண்ணுதான் ஓடுது. இந்த மாசம் பூரா அப்படித்தான். முத்தத்துல ஜாடி நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெருவே பாக்குது.”

“அத ஏன்யா எங்கிட்டச் சொல்லல?” என்றாள் தெசாங்கா, துணிக்குள்ளிருந்து.

“நீ கேக்கல.”

நெவெனா தன் நோட்டை எடுத்து ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, “இந்த ஜாடியும் செப்டம்பர் மாதிரி இருந்திருந்தா, இல்ல அதவிடக் கொறஞ்சிருந்தா, சராசரி வரம்புக்குக் கீழ போயிருக்கும். கேஸ் முடிஞ்சிருக்கும்,” என்றாள்.

தெசாங்கா முகத்திலிருந்து துணியை எடுத்தாள். ஒப்ராத் மென்றுகொண்டே இருந்தார்.

“ஒரு மாச ஜாடி கெட்டுப்போனா விதி என்ன?” என்று அவர் கேட்டார், தெரியாதவர் போல.

“அந்த மாசத்தத் தள்ளிட்டு அடுத்த மாசம் எடுக்கணும் சார்.”

“அப்ப எடு. ஆலைக்கு அறிவிக்கணுமா?”

“விதியில இல்ல.”

“அப்ப எழுது.”

நெவெனா எழுதினாள். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, “ஜாடி கழுவப்பட்டுவிட்டது” என்று போட்டாள். புது ஜாடியைக் கம்பத்தில் வைத்துவிட்டு, மீதிப் பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதக் கணக்கும் அதிகாரிகள் வண்டி வந்துபோனதும் ஆலைக்காரர்களுக்குத் தெரியும்; அக்டோபரோடு அளவு முடிந்தது, கம்பத்தில் நிற்கிற ஜாடி இனிச் சும்மாதான் என்று நினைத்துக்கொண்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி காலையில் ராதிசாவ் முற்றத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான். மூன்று பெல்ட்டும் ஓடின. இரண்டு மாதம் தேங்கிய வேலையையும் சேர்த்து ஓட்டினார்கள். மூடுபனி வந்து தெருவின்மேல் மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் ஜாடிக்குள் சிவப்பாக ஒரு படிவு, இரண்டாம் வாரம் அது விரல் நகக் கனத்துக்கு வந்தது.

தெசாங்காவின் உண்மையான சோதனை நவம்பர் இருபத்தொன்று. அவர்கள் குடும்பத்தின் காவல் தெய்வமான மிக்கேல் தூதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, உறவு மொத்தமும் தானாக வரும். மெழுகுவர்த்தி, வால்நட் போட்ட கோதுமைப் பொங்கல், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி என்று இரண்டு நாள் வேலை. வாசலிலிருந்து வீடுவரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். நடுவில் அந்தக் கம்பம், அதன்மேல் அந்த ஜாடி. வருகிற ஒவ்வொருவரும் அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். அன்று ஜாடியை அவளிடமிருந்து காப்பாற்ற ராதிசாவ் வினிகர் பாட்டிலை என்னிடம் கொடுத்து வைத்திருந்தான்.

அவர்கள் கல்யாணத்தில் சாட்சி நின்ற திஹோமிர் பெரியவர் பெரிய குரல்காரர். ஜாடி முன்னால் நின்று, எல்லாரும் கேட்க, “என்ன தெசாங்கா, உன் வீட்லயா இவ்வளவு அழுக்கு? உடம்பு சரியில்லயா?” என்றார்.

வாசலில் வுகோசவா நின்றுகொண்டிருந்தாள். தெசாங்காவின் கழுத்து சிவந்தது.

“அது என் அழுக்கு இல்ல அண்ணே,” என்றாள். “நான் பெருக்கிப் பெருக்கி மறைச்சு வச்ச அவங்க அழுக்கு. நல்லாப் பாத்துக்கங்க. தொட்டுராதீங்க.”

வுகோசவா வழக்கம்போல உதட்டைச் சுழிப்பாள் என்று நினைத்தேன். அவள், “எங்க வீட்டு அலமாரி மேலயும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். ரூதாரித் தெருவில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிசேர்கா காலை பஸ்ஸில் வந்திருந்தாள். மூன்று மணிக்கே இருமல் பிடித்துக்கொண்டது. நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலங்களோடு பஸ் நிறுத்தம்வரை நான் போனேன். “தபால் மாமா, அந்தக் கட்டில எடுத்துடச் சொல்லுங்க, அம்மா சும்மா தொவைச்சுச் சாகுறாங்க,” என்றாள். நான் அதைத் தெசாங்காவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி முத்திரை போட்ட உறை வந்தது. அடுத்தவர் கடிதத்தை நான் படிப்பவன் இல்லை, ஆனால் தெசாங்கா கையில் ஈரம் என்று என்னையே படிக்கச் சொன்னாள். நவம்பர் அளவு, வரம்பைப்போல மூன்று மடங்கு. சராசரியும் வரம்புக்கு மேலே. வசந்தத்துக்குள் மூன்று பெல்ட்டுக்கும் மூடி, புகைபோக்கிக்கு வடிகட்டி. ராதிசாவ் பிளம் சாராயத்தை எடுத்தான். தெசாங்கா கடிதத்தை வாங்கி மடித்து, “அவங்க எழுதறத எழுதட்டும். நான் என் கண்ணால பாத்துக்கறேன்,” என்றாள்.

நவம்பர் கடைசியில் நெவெனா வந்து தன் ஜாடியை எடுத்துப் போன மறுநாளிலிருந்தே, கம்பத்து வளையத்தில் தெசாங்காவின் சொந்த ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருந்தது. மாதா மாதம் ஒன்று. பழையதைக் கழுவ மாட்டாள். தேதி எழுதி ஒட்டிச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைப்பாள், பளபளக்கிற கண்ணாடித் தம்ளர்களுக்குப் பக்கத்தில். டிசம்பர் சிவப்பு, ஜனவரி சிவப்பு, பிப்ரவரி சிவப்பு. மார்ச்சில் ஆலைக்குள் சாரம் கட்டித் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. வடிகட்டி ஓடத் தொடங்கியபோது ராதிசாவ் அந்தப் புதுச் சத்தத்துக்கு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தான்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நான் தபாலோடு போனபோது தெசாங்கா முக்காலி போட்டு ஏறிக் கம்பத்தில் இருந்த ஜாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தபால்காரரே, உங்க கண்ணு நல்லாருக்கும். வந்து பாருங்க.”

ஏறிப் பார்த்தேன். அடியில் மழைத்தண்ணீர், தெளிந்து கிடந்தது. அதில் வெள்ளையாக ஒன்று மிதந்தது.

“ஒரு பூவிதழ் இருக்கு அக்கா.”

“அது வுகோசவா வீட்டு பிளம் மரம். அவ வீட்டுக் குப்பை. அத விடுங்க, வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அவள் முக்காலியிலிருந்து என் கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டாள். உள்ளே போய் மகளின் அறையைத் திறந்து, போன சனிக்கிழமை போட்ட விரிப்பின்மேல் உள்ளங்கையால் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒருமுறை தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“பிசேர்கா, அம்மா பேசறேன். இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல. இன்னிக்கு நான் வெரிப்பு மாத்தல, போன வாரத்து வெரிப்புதான் கெடக்கு. நீ வரும்போது ராத்திரி உடுப்பு எடுத்துட்டு வா.”